மாடி அறைக்கு நெட் கேபிள் இழுக்கிறீர்களா?

வைஃபை எட்டாத அறைக்குக் கேபிளே நம்பகமான வழி. இழுக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. முழுச் செம்புக் கம்பியுள்ள கேட்-6 கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். செம்புப் பூச்சு அலுமினியக் கம்பி எளிதில் முறியும்.

2. கரண்ட் ஒயர் போகும் பைப்பில் நுழைக்காதீர்கள். ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு, சிக்னலும் கெடும்.

3. மூலைகளில் மடக்காமல் அகலமாக வளையுங்கள். உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கிய கம்பிகள் குலைந்தால் வேகம் குறையும்.

4. இரு முனையிலும் ஒரே நிற வரிசை வையுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. வரிசை பிசகினால் இணைப்பு கிடைக்காது, அல்லது அடிக்கடி அறுபடும்.

5. வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லையா? முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். ஜிகாபிட் வேகத்துக்கு 8 கம்பிகளும் பதிந்திருக்க வேண்டும்.