மடலும் ஆண்மையும்

ஆண்மை என்றவுடன் போர்க்களத்தை நினைத்தல் நம்மனோர் வழக்கம். புறப்பாடல்களிற் பயின்றோர்க்கு அஃது இயல்பே. ஆயின், காமத்தின் முன் ஆடவன் எங்ஙனம் நிற்கின்றான் என்பதை அகப்பாடல்களே ஆராய்ந்தன. அவற்றுள் மடற்றுறை ஒன்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

மன்னார்த் தீவினர்க்கு இத்துறையை விளக்குதல் எளிது. பனங்கருக்கினாற் கையைக் கிழித்துக்கொள்ளாத சிறுவன் நம்மூரில் அரியன். வாள்போலும் அக்கருக்கையுடைய மட்டைகளாற் குதிரை போல ஓர் உருச்செய்து, அதன்மேல் ஏறி, எருக்கங்கண்ணி சூடி, ஆவிரையும் பூளையும் அணிந்து, தலைவியின் உருவெழுதிய கிழியை ஏந்தி, ஊரார் காணத் தெருவில் வருதலே மடலேறுதல். எருக்கு நம் தரவைகளில் தானே முளைப்பது. மணமகன் எவனும் அதனைச் சூடான். சூடியவன் தன்னை நகைப்புக்கு ஒப்புவித்தவனாகின்றான்.

குறுந்தொகை 17ஆம் பாட்டிற் பேரெயின் முறுவலார் இச்செயல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றார்: மடலூர்வர், எருக்குச் சூடுவர், தெருவில் ஆரவாரிக்கப்படுவர். இறுதியில், வேறொன்றும் ஆவர் என்று மட்டுங் கூறி நிறுத்துகின்றார். உரையாளர் அதனை உயிர்விடுதல் எனக் கொள்வர். சொல்லாது விட்ட அவ்விடமே பாட்டின் உயிர் என்பது என் கருத்து. மடலைப் பாடியே பெயர்பெற்ற மடல் பாடிய மாதங்கீரனாரும் உளர்.

தொல்காப்பியர் ஏறிய மடற்றிறத்தைப் பெருந்திணையில் வைத்தார். ஏறுவேன் என்று கூறுதல் ஐந்திணைக்கு ஆகும், ஏறிவிடின் ஆகாது. ஆதலின் சங்கத் தலைவர் பெரும்பாலும் கூறுவதோடு அமைவர். உண்மையில் ஏறி வந்து சான்றோரை விளித்து முறையிடுவானை நெய்தற்கலியிற் காணலாம்.

திருக்குறளின் 114ஆம் அதிகாரம் நாணுத்துறவுரைத்தல். முன்பு நாணும் நல்லாண்மையும் உடையேன், இன்று மடலே உடையேன் என்கின்றான் தலைவன். அவை இரண்டும் தோணியாம். காமவெள்ளம் அதனை அடித்துச் செல்கின்றது. நாணையும் ஆண்மையையும் வள்ளுவர் இணைத்துக் கூறியமை கருதத்தக்கது. நாணின்மையே ஆண்மை எனத் திரிவார் இவ்வதிகாரத்தைப் படித்தாரல்லர்.

கடல்கடந்தும் ஒன்று நோக்குவாம். பிறேசில் நாட்டு எழுத்தாளர் கிமரைன்ஸ் றோசா 1956இல் வெளியிட்ட பெருநாவலில், றியோபால்டோ என்னும் ஆயுதம் தாங்கிய வீரன் தன் தோழன் தியாடோறிம்மீது காதல் கொள்கின்றான். ஆடவர் கூட்டத்தில் அதனைச் சொல்லுதற்கு நாணி உள்ளேயே புதைக்கின்றான். தோழன் போரில் மடிந்த பின்னரே, அவன் ஆணுடை பூண்ட பெண் என்பது வெளியாகின்றது. முதுமையில், வந்த விருந்தினன் ஒருவனிடம் அதனைச் சொல்லிப் புலம்புகின்றான். நம் தலைவன் தெருவிற் சொல்லிவிட்டான். அவன் சொல்லாது இழந்தான். ஆண்மைக்கு இழுக்கு வருமோ என்னும் அச்சம் இருவர்க்கும் ஒன்றே.

மடலேறுதல் பெண்ணை வற்புறுத்துதல் அன்றோ என வகுப்பில் மாணவர் வினவுவதுண்டு. நியாயமான வினா. களவிற் கூடிய தலைவி முன்னரே உளம் இசைந்தவள். நெருக்கப்படுவோர் தோழியும் சுற்றத்தாருமே என்பது மரபுவழி விடை. எனினும் அவளுருவம் தெருவில் ஏந்தப்படுமிடத்து அவளை யாரும் கேட்டிலர் என்பதை மறைத்தல் ஆகாது. இன்று கைபேசியில் ஒருத்தியின் படத்தை ஒளிந்திருந்து பரப்புவானுக்கோ மடல் மேற்கோளாகாது. மடலூர்வோன் முதற்கண் தன் மானத்தையே விலையாக வைத்தான்.

பெண் மடலேறுதலைத் தொல்காப்பியர் விலக்கினார். கடலன்ன காமம் உழந்தும் மடலேறாமையே பெண்ணின் பெருமை என்றார் வள்ளுவர். வேட்கை இருவர்க்கும் ஒப்பாயினும் தெரு ஒருவர்க்கே உரித்தாயிற்று. இவ்வேலியைத் தாண்டியவர் திருமங்கையாழ்வார். வாளேந்திய வீரராயிருந்தவர் என வைணவ மரபு கூறும் அவர், சிறிய திருமடல், பெரிய திருமடல் இரண்டையும் பெண்ணாகவே நின்று பாடினார். பெண்கள் மடலூரார் என்னும் தென்னெறியைக் கேட்டும் அதனைக் கொள்ளேன், வடநெறியே வேண்டினேன் என்று அத்தலைவி பெரிய திருமடலிற் கூறுகின்றாள். இறைவனுக்காக மடலூரத் துணிகின்றாள்.