கொடி பொய் சொல்லக் கூடாது

ஐப்பசியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதாக வானொலி சொன்னால், டெல்டாவில் அடுத்து எழும் கேள்வி ஒன்றுதான்: "நாகையில எத்தனாம் நம்பர் கூண்டு?" குறுவைக் கதிரைக் களத்தில் போட்டவருக்கும், சம்பா நட்டுவிட்டுத் தூர்கட்டக் காத்திருப்பவருக்கும் அந்த எண் வேண்டும். கப்பலையே பார்த்திராத விவசாயிகூட, கப்பல்காரர்களுக்காக ஏற்றப்படும் ஓர் அடையாளத்தை வைத்து முடிவெடுக்கிற ஊர் எங்களுடையது.

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். வேலைக்காகச் சென்னைக்குப் போன இடத்தில் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் கொடிப்பாடம் எடுப்பதும் என் வேலையாகிவிட்டது. அந்தப் பாடத்தை நான் எப்போதும் கூண்டிலிருந்துதான் தொடங்குவேன்.

1865-இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தரத் தொடங்கினார்கள். 1898 ஏப்ரல் 1 முதல் இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே முறை வந்தது. பகலில் கூம்பும் உருளையுமாகக் கூண்டுகளை ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். மொத்தம் 11 எண்கள். எண் கூடக் கூடப் புயலின் வலுவும் கூடுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது பாதிதான் சரி.

1 என்றால் தொலைவில், ஆழ்கடலில் ஒரு தாழ்வு மண்டலம். 2 என்றால் தொலைவில் புயலே உருவாகிவிட்டது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 3 ஏறினால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வரலாம். 4 ஏறினால், கடலில் இருக்கும் புயல் பின்னால் இந்தத் துறைமுகத்தைத் தாக்கலாம். அடுத்து வரும் 5, 6, 7 மூன்றும் அபாயக் குறிகள். இவற்றுக்குள் வலுவில் ஏற்றத்தாழ்வு கிடையாது. மூன்றும் சொல்வது புயல் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதை. புயல் தன் பாதைக்கு இடப்புறம் துறைமுகத்தை விட்டுக் கடந்தால் 5, வலப்புறம் விட்டுக் கடந்தால் 6, துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடந்தால் 7. இதே வரிசை கடும்புயலுக்கு 8, 9, 10. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனால் 11.

இந்த இடம் வலம்தான் உயிர்நாடி. நாகையில் கடலைப் பார்த்து நில்லுங்கள். 5 என்றால் புயல் உங்கள் இடக்கைப் பக்கம், அதாவது வடக்கே கரையேறும். 6 என்றால் வலக்கைப் பக்கம், தெற்கே. நம் கடலில் புயல் கடிகாரச் சுற்றுக்கு எதிராகச் சுழல்வதால், வடக்கே கடக்கும்போது நாகையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும்; தெற்கே கடக்கும்போது கடலிலிருந்து கரைக்கு வீசி நீரையும் தள்ளிக்கொண்டு வரும். மீனவர் பேச்சில் சொன்னால் முதலாவது கச்சான், இரண்டாவது கொண்டல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்குத் தெற்கே, வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியது. பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே எண்ணைக் கேட்டதும் "இன்னும் ஏறுமா?" என்று மட்டும் பார்க்காதீர்கள்; "எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள்.

கூண்டைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கப்பல் கொடி புது மொழி இல்லை. உலகக் கப்பல்களுக்கெல்லாம் பொதுவான கொடிச் சங்கேத முறை 1857-இல் பிரிட்டனில் வெளியானது. இன்று பயன்படுவது 1965-இல் ஏற்கப்பட்டு 1969-இல் நடைமுறைக்கு வந்த பதிப்பு. அதில் ஆங்கில எழுத்துகளுக்கு 26 கொடிகள், எண்களுக்கு 10, பதிலீட்டுக் கொடிகள் 3, 'புரிந்தது' என்று பதில் சொல்ல ஒன்று, ஆக 40. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் ஒரு விதியை முதல் நாளே மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்: கொடி என்பது வாக்குமூலம். நிலைமை உண்மையாக இருக்கும்வரை பறக்கலாம். மாறிய நிமிடமே இறங்க வேண்டும். அழகுக்காக ஒரு கொடியைக் கட்டிவிட்டு மறந்துபோகிறவர், நடுக்கடலில் இன்னொருவரை ஏமாற்றுகிறார்.

புதிதாகக் கற்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது 'பி' கொடி: நீல நிறம், நடுவில் வெள்ளைச் சதுரம். துறைமுகத்தில் இது ஏறினால், கப்பல் கிளம்பப் போகிறது, அதைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் வந்து ஏறுங்கள் என்று பொருள். நம் ஊர்த் திருவிழாவில் கொடியேறிக் காப்புக் கட்டியபின் ஊரைவிட்டு வெளியே போக மாட்டார்கள் அல்லவா, அந்தக் கட்டுப்பாடுதான் இதுவும். இதே கொடியை மீன்பிடிக் கடலில் ஒரு விசைப்படகு ஏற்றினால் பொருள் வேறு: என் வலை அடியில் எதிலோ சிக்கிக்கொண்டது. போட்டியில் பறந்தால் அது ஆயத்தக் கொடி. ஒரே துணி, மூன்று இடம், மூன்று செய்தி. அதனால் கொடியைப் பார்த்ததும், அது எங்கே பறக்கிறது, யார் ஏற்றியது என்பதையும் சேர்த்தே படிக்கப் பழகுங்கள்.

நாகை, காரைக்கால், மல்லிப்பட்டினம் பக்கம் படகு எடுப்பவர்கள் மீன்பிடிப் படகுகளின் குறிகளைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். 'இசட்' கொடி என்றால் வலை விடுகிறார்கள். 'ஜி' என்றால் வலை இழுக்கிறார்கள். 'டி' என்றால் இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை, அதாவது இரட்டை மடியை, இழுக்கிறார்கள், விலகிப் போ என்று பொருள். இரண்டு கறுப்புக் கூம்புகள் முனையோடு முனை சேர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கினால், அந்தப் படகு மீன்பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் பக்கத்தில் எல்லாப் படகுகளும் இவற்றை ஏற்றுவதில்லை என்பது உண்மை. அதனால், குறி இல்லாவிட்டாலும் மெதுவாகப் போகும் விசைப்படகுக்குப் பின்னால் குறுக்கே போகாதீர்கள். மடி அங்கேதான் கிடக்கும்.

நாம் காட்ட வேண்டிய கூம்பும் ஒன்று உண்டு. பாயை விரித்தபடியே இஞ்சினையும் ஓட்டினால், ஒரு கறுப்புக் கூம்பை முனை கீழ்நோக்கி இருக்கும்படி அணியத்துப் பக்கம், அதாவது முன்பக்கம், தொங்கவிட வேண்டும். பாய் மட்டும் விரித்த படகுக்கு விசைப்படகு பொதுவாக வழிவிட வேண்டும். இஞ்சின் ஓடினால் நாமும் விசைப்படகுதான். கூம்பு காட்டாமல் இஞ்சினை ஓட்டுவது, இல்லாத உரிமையைக் கோருவதாகும். நங்கூரம் போட்டு நின்றால் ஒரு கறுப்புப் பந்து. பிளாஸ்டிக்கில் மடித்து வைக்கும் கூம்பும் பந்தும் கிடைக்கின்றன. இரண்டையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

தேசியக் கொடி விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள கொடி விதித்தொகுப்பு படகைப் பற்றியும் பேசுகிறது. படகின் மேலோ பக்கவாட்டிலோ பின்புறமோ கொடியைப் போர்த்தக் கூடாது. கொடி தண்ணீரில் இழுபடவும் கூடாது. சின்னப் படகின் பின்பக்கக் கம்பத்தில் நீளமான கொடியைக் கட்டினால், படகு சாயும்போது நுனி நீரில் நனையும். ஆகவே படகின் அளவுக்கேற்ற கொடியைத் தேர்ந்தெடுங்கள். நீள அகலம் 3-க்கு 2 என்ற விகிதம் மாறக் கூடாது. பாலியெஸ்டர் கொடிக்கு 2021 டிசம்பரிலிருந்து அனுமதி உண்டு. உப்புக் காற்றுக்குப் பருத்தியைவிட அது தாங்கும், ஆனால் அதன் ஓரமும் பிரியும். ஒவ்வொரு முறை கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஓரம் கிழியத் தொடங்கிவிட்டால் அதை மறுபடி ஏற்றாதீர்கள்.

கப்பலின் பின்பக்கத்தில் பறப்பதுதான் அதன் நாட்டைச் சொல்லும் கொடி. அதுவே மரியாதைக்குரிய இடம். இந்தியாவில் பதிவான வணிகக் கப்பல்கள் மேல்மூலையில் மூவர்ணம் பதித்த சிவப்புக் கொடியைப் பறக்கவிடும். கடற்படைக்கு வேறு கொடி. 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் விக்ராந்த் போர்க்கப்பல் பணியில் சேர்ந்த நாளில் அது மாறியது. புதிய கொடியிலுள்ள எண்கோணம் சிவாஜியின் முத்திரையைத் தழுவியது. அவருடைய மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி வெங்கோஜியின் வழியில் வந்தவர்கள்தான் தஞ்சையை ஆண்ட மராட்டியர்கள். சேதுபாவாசத்திரத்துக்கு அருகே கடலோரத்தில் மனோராவைக் கட்டிய இரண்டாம் சரபோஜியும் அந்த வழியினரே. நெப்போலியனின் வீழ்ச்சியை நினைவுகூர 1814-இல் எழுப்பிய அந்த எட்டடுக்குக் கோபுரத்தடியில் நின்று கடல் காற்றைப் படிக்கச் சொல்லித்தருவது எனக்குப் பிடித்த வேலை.

அயல்நாட்டுக் கடலுக்குள் போனால் அந்த நாட்டுக் கொடியை நம் பாய்மரத்தின் வலப்பக்கம் ஏற்ற வேண்டும். சட்டத்தைவிட மரபு பெரிதாக நிற்கும் இடம் இது. நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' கப்பலோடு மீண்டும் கிளம்பியது. அதே வழியில் ஒரு பாய்ப்படகு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைக் கடலுக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் முதலில் ஏற வேண்டியது 'கியூ' என்னும் முழு மஞ்சள் கொடி: என் படகில் நோயில்லை, கரைசேர அனுமதி கேட்கிறேன். அதிகாரிகள் அனுமதித்ததும் மஞ்சளை இறக்கிவிட வேண்டும். நாம் திரும்பும்வரை இலங்கைக் கொடி அங்கே இருக்கும். நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா'விலும் 'எம்.வி. சிதம்பர'த்திலும் போன தாத்தா பாட்டி யாராவது உங்கள் வீட்டில் இருந்திருப்பார்கள். கரையை எட்டியும் நோய்ச் சோதனைக்காகக் காத்திருந்த கதையையும் அவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்தக் காத்திருப்பின் கொடிதான் மஞ்சள்.

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' பாய்க்கலத்தில் கிளம்பி உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பிய இரண்டு கடற்படைப் பெண் அதிகாரிகளில் ரூபா புதுச்சேரிக்காரர், இன்னொருவர் தில்னா. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா என்று வழியில் நின்ற துறைகளை வரைபடத்தில் பார்த்து, எங்கே எந்தக் கொடி ஏறியிருக்கும் என்று எழுதிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் அது.

போட்டிக்குப் போகிறவர்களுக்குக் கொடிதான் கடிகாரம். தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன் அந்த வகைப் படகின் கொடி ஏறும். 4 நிமிடம் இருக்கும்போது 'பி' ஏறும். 1 நிமிடம் இருக்கும்போது 'பி' இறங்கும். வகைக் கொடி இறங்கும் கணமே தொடக்கம். கூடவே ஒலியும் எழுப்புவார்கள். ஆனால் கணக்கில் கொள்ள வேண்டியது கொடியை. காற்று எதிராக வீசினால் ஒலி காதில் விழாது. விழவில்லை என்று பின்னால் முறையிடவும் முடியாது. 'எக்ஸ்' கொடி ஏறினால் யாரோ கோட்டை முன்னதாகக் கடந்துவிட்டார்கள். அது நீங்களாக இருந்தால் திரும்பி வந்து மறுபடி தொடங்குங்கள். 'ஒய்' ஏறினால் எல்லோரும் மிதவைச் சட்டை போட வேண்டும். நான் அதற்காகக் காத்திருக்க மாட்டேன், கரையிலேயே போட்டுக்கொண்டுதான் ஏறுவேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகு செலுத்திய சென்னை நேத்ரா குமணனும் கணபதி, வருண் தக்கர் இணையும் இதே கொடிகளைப் பார்த்துத்தான் கிளம்பினார்கள். தொண்டிப் பக்கத்து மீனவர் ஊர்களில் திருவிழாவை ஒட்டி நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகளையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். விதிப் புத்தகம் இல்லாமலே காற்றையும் பாயையும் படிக்கிற ஆட்களை அங்கே காணலாம்.

மீதி இருப்பவை உயிர் காக்கும் குறிகள். சிவப்பும் மஞ்சளும் குறுக்காகப் பிரிந்த 'ஓ' கொடி: ஆள் கடலில் விழுந்துவிட்டார். வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் குறி 'வி': உதவி வேண்டும். நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு 'டபிள்யூ': மருத்துவ உதவி வேண்டும். 'என்' மேலும் 'சி' கீழுமாக ஏறினால் பேராபத்து. கொடியே இல்லாவிட்டால், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் திரும்பத் திரும்ப அசைப்பதும் உலகம் ஏற்ற ஆபத்துக் குறிதான். அதனால் எதிரே வரும் படகுக்கு வணக்கம் சொல்ல விரும்பினால் ஒரு கையை மட்டும் உயர்த்துங்கள். கரையில் நிற்கும்போது அந்த இரண்டு கை அசைவைப் பார்த்துவிட்டால், சட்டையைக் கழற்றி வீசும் மீனவரைப் பார்த்துவிட்டால், விளையாட்டு என்று கடந்துபோய்விடாதீர்கள். கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. இப்போதே கைபேசியில் பதிந்து வையுங்கள்.