வேதத்தை வாசிக்க ஒரு தீர்மானம்



"இந்த வருஷம் வேதத்தை முழுசா வாசிச்சு முடிப்பேன்" என்று புது வருஷ ஆராதனையில் எத்தனையோ பேர் தீர்மானிக்கிறோம். ஆதியாகமம், யாத்திராகமம் வேகமாய்ப் போகிறது. ஜனவரி கடைசியில் லேவியராகமம் வந்ததும் பலருக்கு வாசிப்பு நின்றுபோகிறது. வாஞ்சை இல்லாமல் அல்ல. கணக்குப் பார்க்காமல் ஆரம்பித்ததால்தான்.

1. வேதத்தில் 1189 அதிகாரங்கள்: பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. வாரநாட்களில் தினம் 3, ஞாயிறு 5 அதிகாரம் வாசித்தால் ஒரே வருஷத்தில் முடியும்.

2. ஷிப்ட் வேலை, கைக்குழந்தை என்று ஓடுகிறவர்களா? புதிய ஏற்பாட்டை மட்டும் எடுங்கள். 52 வாரம், வாரத்துக்கு 5 அதிகாரம். மீதி 2 நாள் விட்டதைப் பிடிக்க.

3. பழக்கமுள்ளவர்களுக்கு, ஸ்காட்லாந்து போதகர் ராபர்ட் மரே மெக்செயின் 1842-ல் தம் சபைக்கு எழுதிய அட்டவணை உண்டு. பழைய ஏற்பாடு ஒரு தரம். புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தரம்.

லேவியராகமம் கடினமாயிருக்கிறதா? கூடவே எபிரெயர் 9, 10 அதிகாரங்களை வாசியுங்கள். அந்தப் பலிகள் யாரைக் காட்டுகின்றன என்று விளங்கும்.

நாலு நாள் விட்டுப்போச்சா? 12 அதிகாரத்தையும் ஒரே ராத்திரியில் புரட்டாதீர்கள். இன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள். விட்டதைக் குறித்துவைத்து லீவு நாளில் வாசியுங்கள். "சரி, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று வேதத்தை மூடிவிடுவதுதான் ஆபத்து.

உங்கள் பெலத்துக்கேற்ற அளவை இன்றே ஜெபத்தோடு தீர்மானித்து, வேதத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லியும் வையுங்கள், அவர்கள் கேட்பார்கள்.

கர்த்தர் தாமே உங்களைப் பலப்படுத்துவாராக! ஆமென்.