செடியை வாட்டுவது வெயில், வீட்டு மனிதர்கள் அல்ல

கத்திரி வெயில் காய்கிற மே மாதத்தில்தான் பள்ளி விடுமுறையும் வருகிறது. பேரப்பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த உறவினர்கள் என்று வீடு நிறைந்திருக்கும். பூச்செடிகள் வாடுவதும் அதே நாட்களில்தான். அப்போது வாசலிலும் மொட்டை மாடியிலும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவற்றில் சில செடிக்குக் கேடு. சில வீட்டு மனிதர்களின் மனத்தைப் புண்படுத்துபவை. ஒவ்வொன்றையும் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: கோடை வந்தால் பூச்செடிகள் பூக்காது.

உண்மை: குண்டுமல்லிக்குக் கோடைதான் பருவம். பங்குனி தொடங்கிப் பூத்துக் கொட்டும். மார்கழி, தையில் பூ குறைந்து விலை ஏறுவதும், கோடையில் சந்தைக்குப் பூ வந்து குவிவதும் இதனால்தான். நவம்பர் கடைசியில் செடியைக் கவாத்து செய்தவர்கள் அதன் பலனை இப்போது பார்ப்பார்கள். டேபிள் ரோஸ், காகிதப்பூ, நித்தியகல்யாணி, அரளி எல்லாம் வெயிலைத் தாங்கிப் பூப்பவை. காகிதப்பூவுக்கு ஓயாமல் தண்ணீர் ஊற்றினால் இலைதான் தழைக்கும். மண் கொஞ்சம் காய்ந்தால்தான் பூ நிறையும்.

சாமந்தி இப்போது பூக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இரவு நீளும் காலத்தில் மொட்டு வைக்கும் செடி அது. மே மாதத்தில் எந்த உரமும் அதைப் பூக்க வைக்காது.

நம்பிக்கை: உச்சி வெயிலில் இலையில் தண்ணீர் பட்டால், துளி பூதக்கண்ணாடி போல இலையைக் கருக்கிவிடும்.

உண்மை: ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். வழுவழுப்பான இலையில் வைத்த கண்ணாடி மணிகள் இலையைப் பொசுக்கின. தண்ணீர்த் துளிகள் பொசுக்கவில்லை. துளி இலையோடு ஒட்டித் தட்டையாகப் படர்வதால் ஒளி இலையின் மேல் குவிவதில்லை. துளியை மேலே தூக்கிப் பிடிக்கும் மெழுகுரோமம் உள்ள மிதக்கும் பெரணி இலையில் மட்டும் கருகல் தெரிந்தது.

மதியம் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. ஊற்றியதில் ஒரு பகுதி வீணாக ஆவியாகிவிடும். மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் முதல் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அது வேரை வாட்டும். காலை எட்டு மணிக்குள்ளோ மாலை ஐந்துக்கு மேலோ வேரடியில் ஊற்றுங்கள். முதலில் வரும் சூடான தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவிடுங்கள்.

நம்பிக்கை: இலை தொங்கினால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

உண்மை: மதியம் இரண்டு மணிக்குச் செம்பருத்தி தலை கவிழ்ந்து நின்றால் மண் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. வேர் உறிஞ்சித் தரும் வேகத்தைவிட இலை நீரை இழக்கும் வேகம் அதிகமாகும்போது இலை தொங்கும். வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துவிடும்.

மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஈர மண்ணில் மேலும் மேலும் ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காது, வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால் செடி இன்னும் வாடும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். கோடையில் காய்ந்து செத்த செடிகளாக நாம் நினைப்பவற்றில் சில இப்படி மூழ்கிச் செத்தவை. மாலையிலும் நிமிராமல் மண்ணும் காய்ந்திருந்தால், அடித்துளை வழியே நீர் வடியும் வரை நிறைய ஊற்றுங்கள்.

மாடியில் இன்னொரு சிக்கல், தரைச் சூடு. தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, நெருக்கமாகச் சேர்த்து, மண் மேல் சருகோ தேங்காய் நாரோ பரப்பினால் பாதிக் கவலை தீரும்.

நம்பிக்கை: வாடிய செடிக்கு உரம் போட்டால் தெம்பு வரும்.

உண்மை: உரத்திலுள்ள உப்பு மண் நீரில் கரைந்து செறிவு கூடினால், வேர் நீரை உறிஞ்சத் திணறும், இலை நுனி கருகும். மக்காத சாணமும் மண்ணில் சூட்டைக் கிளப்பும். செடி தேறிய பிறகு, ஈர மண்ணில், கொஞ்சமாக உரம் கொடுங்கள்.

நம்பிக்கை: இரவில் செடிகள் கரியமில வாயுவை விடும், அவற்றின் பக்கத்தில் படுக்கக் கூடாது.

உண்மை: இரவில் செடிகள் சுவாசிப்பது நிஜம். ஆனால் ஒரு மனிதர் ஒரு நாளில் வெளிவிடும் கரியமில வாயு ஏறக்குறைய ஒரு கிலோ. பக்கத்தில் படுத்திருக்கும் ஆளோடு ஒப்பிட்டால் சில தொட்டிகள் விடுவது மிகச் சொற்பம். திறந்த மாடியில் அதுவும் காற்றில் கலைந்துவிடும். மாடியில் பாய் விரித்துப் படுக்கும் குடும்பம் பயப்பட வேண்டியது, தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கும் தண்ணீருக்குத்தான். டெங்கு பரப்பும் கொசு அதில் முட்டையிடும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒரு முறை கவிழ்த்து, தேய்த்துக் கழுவுங்கள்.

நம்பிக்கை: மல்லிகை வாசனைக்குப் பாம்பு வரும்.

உண்மை: பாம்பு நாக்கால் மணத்தை எடுத்து மேலண்ணத்திலுள்ள உறுப்பால் உணர்கிறது. அது தேடுவது எலி, தவளை, பல்லி போன்ற இரையை. கோடையில் குளிர்ந்த நிழலை. பந்தலடியில் உடைந்த தொட்டிகளும் செங்கல் குவியலும் ஈரச் சருகும் கிடந்தால் எந்தச் செடி இருந்தாலும் வரும். அந்த இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் மொட்டுப் பறிக்கப் போகும்போது இருட்டிவிட்டால் டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

நம்பிக்கை: சாமிக்கு வைக்கும் பூவால் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை.

உண்மை: அரளியில் இலை, பூ, தண்டு, விதை என எல்லாமே நஞ்சு, இதயத் துடிப்பைக் குலைக்கும். மஞ்சள் அரளியின் விதை மிகக் கொடியது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் கொல்கிசின் என்னும் நஞ்சு இருக்கிறது. கோடையில் கொடி காய்ந்து கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். தோண்டுகிறவர் சமையல் கிழங்கு என்று எண்ணிவிடலாம். விடுமுறையில் சொப்பு வைத்துச் சோறாக்கி விளையாடும் பிள்ளைகளிடம் இந்தச் செடிகளைக் காட்டிச் சொல்லி வையுங்கள். யாராவது தின்றுவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், தின்ற இலையையோ விதையையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நம்பிக்கை: மாதவிலக்கு நாட்களில் தொட்டால் பூச்செடி பட்டுப்போகும்.

உண்மை: இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 1920-இல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற புகழ்பெற்ற குழந்தை மருத்துவர், மாதவிலக்கில் இருந்த பெண் தொட்ட பூக்கள் சீக்கிரம் வாடின என்று எழுதி, வியர்வையில் ஏதோ நஞ்சு இருப்பதாகச் சொன்னார். பல ஆண்டுகள் பலர் அதைத் தேடினார்கள். அப்படி ஒரு நஞ்சு இருப்பது நிரூபிக்கப்படவே இல்லை. மாதவிலக்கில் வெளியேறுவது இரத்தமும் கருப்பையின் உள்சுவர்த் திசுவும்தான். செடியைத் தொடும் கையில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை.

மல்லிகை பறித்து விற்கிற, பூக்கட்டிப் பிழைக்கிற பெண்கள் ஏராளம். மாதத்தில் சில நாட்கள் அவர்கள் கை பட்டுத் தோட்டங்கள் பட்டுப்போவதாக இருந்தால், மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெறுமளவுக்கு வளர்ந்திருக்காது. செடி வாடிய பழியை வெயிலின் மேல் போடாமல் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் மேல் போட்டால், அவள் தன் உடம்பையே வெறுக்கக் கற்றுக்கொள்கிறாள். ஒரு தொட்டிச் செடிக்காக அப்படிச் செய்யக் கூடாது. அந்த நாட்களிலும் பூவாளியை அவளிடம் கொடுங்கள்.

நம்பிக்கை: சிலருக்குத்தான் கைராசி.

உண்மை: கைராசிக்காரர் என்று நாம் சொல்பவர் தினமும் செடியைப் பார்ப்பவர். இலையின் அடியில் மாவுப்பூச்சி முதல் நாளே அவர் கண்ணில் படும். இந்தப் பழக்கம் யாருக்கும் வரும். மண்ணில் விரல் விட்டு ஈரம் பார்ப்பதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தட்டுகளைக் கழுவுவதை அப்பாவுக்குக் கொடுங்கள். பூச்சி பார்ப்பதைத் தாத்தா, பாட்டி செய்யட்டும். பள்ளி திறந்த பிறகும் ஆளுக்கு இரண்டு தொட்டிகள் அவரவர் பொறுப்பிலேயே இருக்கட்டும்.