கொல்லைக்கு வரும் விருந்தாளிகள்!

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு பனிக்காலத்திலும் இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் அங்கே இறங்குகின்றன. 2024-ல் அது சர்வதேச அளவில் 'ராம்சார்' ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அத்தனை தூரத்துப் பறவைக்கு நம்ம பக்கத்தில் இடம் இருக்கிறது. சரி, உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தேன்சிட்டுக்கு இடம் உண்டா?

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இப்போது வீடு கட்டுகிறவர்கள், 'கொசு வரும், பாம்பு வரும்' என்று பயந்து கொல்லை முழுக்க சிமென்ட் பூசிவிடுகிறார்கள். சிமென்ட் தரை வெயிலில் கொதிக்கும். மழைத் தண்ணீரையும் உள்ளே விடாது. பத்தடிக்குப் பத்தடி மண்ணை மட்டும் விட்டுவையுங்கள். கொசுவுக்கும் பாம்புக்கும் வழி இருக்கிறது!

என்ன செடி வைக்கலாம்?

சமையலுக்கும் ஆகிற செடிகளே போதும். முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். செம்பருத்தி, இட்லிப்பூ வைத்தால் வண்ணத்துப்பூச்சி வரும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் அது முட்டையிடும்.

அரியலூர்ப் பக்கம் பல இடங்களில் சுண்ணாம்பு மண். அதில் இரும்புச் சத்து இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக இருந்து, இளம் இலை வெளிறினால் இதுதான் காரணமாக இருக்கலாம். குழியில் மக்கிய சாணமும் இலைச் சருகும் நிறையப் போட்டு நடுங்கள்.

புழுவைப் பார்த்துப் பதறாதீர்கள்

கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். உடனே பூச்சிமருந்து பம்ப்பைத் தூக்காதீர்கள்! அடிக்கிற மருந்து நாளைக்கு உங்கள் ரசத்தில்தான் மிதக்கும். சில மருந்துகள் இலைக்குள்ளேயே ஊறிவிடும், கழுவினாலும் போகாது.

செடி பெரிதாக இருந்தால் புழு தின்ற பிறகும் துளிர்த்துவிடும். சின்னச் செடி என்றால் புழுவை எடுத்து எலுமிச்சையில் விடுங்கள். தானியம் கொத்துகிற சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். மருந்தடித்த கொல்லையில் அது எப்படிக் குடும்பம் நடத்தும்?

தண்ணீர் வைக்கும் முறை

நம்ம ஊர் சித்திரை வெயிலில் பறவைக்குச் சோற்றைவிடத் தண்ணீர் முக்கியம். இரண்டு அங்குல ஆழமுள்ள மண்தட்டு போதும். பூனை தாவ முடியாத உயரத்தில், நிழலில் வையுங்கள்.

டெங்கு கொசு பெருகுவது நல்ல தண்ணீரில்தான். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது தேங்காய் நாரால் தட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு இவற்றிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

"பாம்பு வருமே?"

நியாயமான பயம்தான். பாம்பு பெரும்பாலும் எலியையும் தவளையையும் தேடித்தான் வரும். கம்பு, சோளம் போடுவதானால் காலையில் ஒரு கைப்பிடி போதும். சாயங்காலம் மிச்சத்தைக் கூட்டி எடுத்துவிடுங்கள். மிக்சர், உப்புப் பண்டம் வேண்டவே வேண்டாம். விறகு, செங்கல், ஓட்டுக் குவியலை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வாசற்படியிலிருந்து ஐந்தடிக்குத் தரை தெரியும்படி சுத்தமாக இருக்கட்டும். இருட்டில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் கொல்லைக்குப் போகக்கூடாது.

ஒருவேளை கடித்துவிட்டால், கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வாயால் உறிஞ்சுவதும் ஆபத்து. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

தண்ணீர்த் தட்டைப் பிள்ளைகள் பொறுப்பில் விட்டுவிடுங்கள். இன்று என்ன பறவை வந்தது என்று காலண்டரில் குறித்து வைக்கட்டும். இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டைக் கண்டுவிட்டால், அன்றைக்கு டி.வி. பக்கமே போகமாட்டார்கள்!