தகுதி வழக்கும் வளரிளம் பருவத்தினர் நலப் பரப்புரையும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வளரிளம் பருவத்தினருக்கான நலப் பரப்புரைகளில் இளையோர் பெரும்பாலும் செய்தியைக் கொண்டுசேர்ப்போராகவே அமைகின்றனர். அதனை ஆக்குவோராக அமைவதில்லை. அவர்தம் பங்கேற்பு சொல்தேர்விலேயே தொடங்க வேண்டும் என்பதையும், எச்சொல்லை எவ்விடத்தில் ஆளலாம் என்பதற்கு நன்னூலின் தகுதி வழக்கு அளவுகோலாகும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தகுதி வழக்கு, இடக்கரடக்கல், குழூஉக்குறி, வளரிளம் பருவம், நலப் பரப்புரை.

முன்னுரை

10 முதல் 19 வயதினருக்கான ‘ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வஸ்திய காரியக்ரம்’ என்னும் நடுவணரசுத் திட்டம் 2014 ஜனவரி 7 அன்று தொடங்கப்பெற்றது. ஊர் இளையோரிலிருந்தே சமவயதுக் கல்வியாளர்களைத் தெரிந்தெடுப்பது இதன் சிறப்பு. ஆயினும் அவர்களுக்கென 2017இல் வெளியிடப்பெற்ற ‘சாத்தியா’ கருவித்தொகுப்பு நடுவணரசு நிலையில் ஆக்கப்பட்டது. பேசுபவர் ஊரார், பேச்சு வெளியிலிருந்து வருவது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மானாவாரி வேளாண்மை, கரிமூட்டம், நூற்பாலை, கைத்தறி என வாழ்வு பலவகைப்பட்டது. தறிக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி கன்னடம் அல்லது தெலுங்கு. எனவே சுவரொட்டித் தமிழ் எல்லார்க்கும் ஒருபடித்தாய்ச் சென்று சேர்வதில்லை.

இடக்கரடக்கலும் தீட்டும்

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கிறார். ‘வீட்டுக்கு விலக்கு’, ‘தூரம்’ என்பன மாதவிடாயை மறைத்துரைக்கும் இடக்கரடக்கல்கள். ‘தீட்டு’ என்பதோ மறைத்துரைப்பதன்று, தூய்மையின்மையைச் சாற்றுவது. முதற்பூப்பை ‘பெரியமனுசி ஆதல்’ என மங்கலமாகக் கூறும் வழக்கே, அடுத்த மாதம் அதனைத் தீட்டாக்குகிறது. நாணத்தைக் காக்கும் சொல்லையும் இழிவைச் சுமத்தும் சொல்லையும் பிரித்தறிந்து, முன்னதைக் கொண்டு பின்னதை விலக்கும் தேர்வு அச்சொற்களோடு வாழும் மாணவியர்க்கே உரியது.

கேட்கப்படாத வினா

வளரிளம் பருவத்தினர்க்கு வாரந்தோறும் வழங்கப்பெறும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரை மற்றொரு சான்று. ‘இரத்தசோகையை ஒழிப்போம்’ என்பது முழக்கம். ஊர்வழக்கோ ‘ரத்தம் பத்தல’, ‘கிறுகிறுப்பு’ என்பன. மாத்திரை உண்டபின் மலம் கறுப்பது இயல்பு; அதனால் தீங்கில்லை. இதனை அறியாதவர் அஞ்சி மாத்திரையைக் கைவிட நேரும். ஆனால் அவ்வச்சத்தைக் கூறும் சொல்லே இடக்கர்ச் சொல்; ஆசிரியர்முன் அது எழாது, தோழியரிடையே எழும். ஆகவே பரப்புரை விடையிறுக்க வேண்டிய வினாவைக் கண்டறிவதே இளையோரின் முதற்பணியாகிறது.

குழூஉக்குறியின் எல்லை

இளையோர் வழக்கைத் திரட்டிச் சுவரொட்டியில் எழுதிவிட்டால் பங்கேற்பு நிறைவுறும் என்பது பொருந்தாது. பொன்னைப் ‘பறி’ என்பது பொற்கொல்லரிடையே மட்டும் குழூஉக்குறி. ஊரறிந்தபின் அது குறியாகாது. மாணவர்தம் குறிப்புச் சொல்லும் அத்தகையதே. சுவரில் ஏறியதும் அவர்கள் வேறு சொல்லுக்கு மாறுவர், நம்பிக்கையும் குன்றும்.

எதிர்த்திசை நிகழ்வும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் தமிழகச் சுவர்களில் எழுந்த ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்னும் விளம்பரம் வல்லுநர் ஆக்கம். இளைஞர்கள் அப்பெயரைக் கேலிச்சொல்லாக்கிக் கொண்டனர். பெயர் பரவியது, ஆயின் அது பிறரைச் சுட்டப் பயன்பட்டதே மிகுதி. பொதுச்செய்தியை இளையோர் தம் வழக்காக மாற்றியே கொள்வர் என்பதால், அம்மாற்றம் வெளியீட்டிற்கு முன்னரே நிகழ இடமளித்தல் வேண்டும்.

முடிவுரை

பள்ளிக் காலைவணக்கக் கூட்டத்திற்கும் சுவரொட்டிக்கும் இயல்பு வழக்கும் இடக்கரடக்கலும் ஏற்றவை. குழூஉக்குறி சிறுகுழு உரையாடலுக்கு உரியது. அதனை வெளியிடாமற் காப்பதும் வடிவமைப்பின் ஓர் அங்கமே. தீட்டு போன்ற சொற்களை விலக்குதலை இளையோரே ஆய்ந்து முடிவுசெய்தல் தகும். மருத்துவர் பொருளின் மெய்ம்மையைச் சரிபார்க்கலாம். சொல்லின் தகுதியை முடிவுசெய்ய வேண்டியவர் இளையோர். கன்னட, தெலுங்கு வீட்டுமொழியினரையும் உள்ளடக்கிய வட்டாரச் சொற்றொகுதி ஒன்றை அவர்களுடன் இணைந்து உருவாக்குதல் தமிழ்த்துறைகள் ஆற்றத்தக்க உடனடிப் பணியாகும்.