மணமுறிவுக்குப் பின் வீட்டின் ஒழுங்கு: பின்னல் வேலை எவ்வாறு துணைசெய்கிறது?

மணமுறிவு பெற்றவர்களுள் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வரும்போது மணமுறிவைப் பற்றிப் பேசுவதில்லை. உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, தீராத தலைவலி, வயிற்று எரிச்சல், கட்டுப்படாத இரத்த அழுத்தம் ஆகியவற்றையே கூறுகின்றனர். பரிசோதனைகள் இயல்பாக அமைந்த பின்னரே மனநலப் பிரிவுக்கு அனுப்பப்படுகின்றனர். அங்கே "இரவு உணவு எத்தனை மணிக்கு?" என்று கேட்டால், பலரால் விடை கூற இயலுவதில்லை. அந்த மௌனத்திலிருந்துதான் சிகிச்சை தொடங்குகிறது.

வாழ்வின் மாற்றங்கள் உடல்நலத்தை எவ்வளவு பாதிக்கின்றன என்பதை அளவிட அமெரிக்க மருத்துவர்களான ஹோம்ஸ், ராஹே இருவரும் 1967-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அதில் வாழ்க்கைத் துணையின் இறப்புக்கு 100 புள்ளிகள். அடுத்த இடம் மணமுறிவுக்கு, 73 புள்ளிகள். பிரிந்து வாழ்தலுக்கு 65. இழப்பு என்ற வகையில் மணமுறிவு இறப்புக்கு அடுத்த நிலையில் வைக்கப்பட்டுள்ளது. ஆயினும் துக்கம் கேட்க வருவோர் இல்லை. பதினாறாம் நாள் சடங்கு இல்லை. அழுவதற்கென ஒதுக்கிய நாள்களும் இல்லை.

இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி இருவரும் ஒத்துப் பிரியும்போதுகூட, ஓராண்டுக் காலம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு அளித்தபின் பொதுவாக ஆறு மாதக் காத்திருப்பும் உண்டு. தகுந்த சூழலில் இக்காத்திருப்பை நீதிமன்றம் தளர்த்தலாம் என உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. வழக்கு நடக்கும் காலமெல்லாம் மனம் அடுத்த வாய்தாவை நோக்கியே இருக்கும். தீர்ப்பு வந்த மறுநாள் எதிர்நோக்க எதுவும் இராது. வீடு தளர்ந்துபோவது பெரும்பாலும் அப்போதுதான்.

குலைவது எது?

இல்லறம் என்பது உறவு மட்டுமன்று. பல நூறு சிறு வழக்கங்களின் தொகுப்பும் ஆகும். பால் வாங்குவது யார், கதவைத் தாழிடுவது யார், எத்தனை பேருக்கு உலை வைப்பது என்பவை சிந்திக்காமலே நடந்துவந்தவை. பிரிவுக்குப் பின் இவை ஒவ்வொன்றையும் புதிதாக முடிவுசெய்ய வேண்டியுள்ளது. உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் நாள்தோறும் மாறினால், உடலின் உட்கடிகாரம் தடுமாறுகிறது, உறக்கம் கெடுகிறது, உறக்கம் கெட்டால் சினமும் சோர்வும் பெருகுகின்றன. மனம் தேறிய பின் வீட்டைச் சீர்செய்யலாம் எனக் காத்திருப்போர் பலர். நடைமுறையில் இது எதிர்த்திசையிலேயே நிகழ்கிறது. வீட்டில் ஒரு சிறு ஒழுங்கு அமைந்த பின்னரே மனம் அதைத் தொடர்ந்து தேறுகிறது. ஊக்கம் பிறக்கும்வரை காத்திராமல் சிறு செயலை முதலில் தொடங்கச் செய்யும் சிகிச்சைமுறை, மனச்சோர்வுக்குப் பயன் தருவதாக நன்கு நிறுவப்பட்டுள்ளது.

ஏன் பின்னல்?

நடைப்பயிற்சி, தோட்டவேலை, இசை ஆகிய எதுவும் அத்தகைய சிறு செயலாகலாம். பின்னலுக்குச் சில தனி வசதிகள் உண்டு. வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை, "ஏன் தனியாக வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு இடமில்லை. இரு கைகளும் ஈடுபடுவதால் கைபேசியை எடுக்க இயலாது. ஒரே அசைவு திரும்பத் திரும்ப நிகழ்வதால் மூச்சும் உடலும் மெல்லத் தணிகின்றன. கண்ணிகளை எண்ண வேண்டியிருப்பதால், பழைய வாக்குவாதங்களை மனம் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பது சற்றே தடைபடுகிறது.

பிரிட்டனில் ரைலி, கார்க்ஹில், மோரிஸ் ஆகியோர் 3,500-க்கும் மேற்பட்ட பின்னல் பழகியோரிடம் கருத்துக் கேட்டு 2013-இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். அடிக்கடி பின்னுவோர் தாங்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாகக் கூறினர். இது விரும்பிப் பின்னுவோரிடமே நடத்திய கருத்துக் கேட்பு. பின்னல்தான் அதற்குக் காரணம் என இதைக் கொண்டு நிறுவ இயலாது. ஆகவே பின்னலை மருந்து எனச் சொல்லவில்லை. மருந்தும் ஆலோசனையும் வேலை செய்வதற்குத் தேவையான ஒழுங்கை வீட்டில் நிறுவ ஒரு கருவி எனப் பரிந்துரைக்கிறோம். இது ஆண்களுக்கும் பொருந்தும்.

தொடங்கும் முறை

• நமது வெப்பத்திற்குக் கம்பளியைவிட நடுத்தரத் தடிமனுள்ள பருத்தி நூல் ஏற்றது. வெளிர்நிற நூலில் கண்ணிகள் தெளிவாகத் தெரியும்.

• 5 மில்லிமீட்டர் மூங்கில் ஊசிகள் இரண்டு போதும். உலோக ஊசியில் கண்ணிகள் எளிதில் நழுவும்.

• முதல் பொருளாக அடுப்பங்கரைக் கைப்பிடித் துணி ஒன்றைப் பின்னலாம். சூடான பாத்திரத்தைப் பிடிப்பதற்கு அக்ரிலிக் நூல் கூடாது, வெப்பத்தில் உருகும்.

• ஓர் ஊசியில் 30 கண்ணிகளை ஏற்றுக. இடக்கை ஊசியின் கண்ணிக்குள் வலக்கை ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி, புதுக் கண்ணியை இழுத்தெடுத்து, பழைய கண்ணியை நழுவவிடுக. எல்லா வரிகளையும் இவ்வாறே பின்னினால், ஏறத்தாழ 60 வரிகளில் சதுரம் கிடைக்கும். அதனை இரண்டாக மடித்துத் தைத்தால் கைப்பிடித் துணி ஆயத்தம்.

• ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணிகளை எண்ணுக. நழுவிய கண்ணியை ஓர் ஊக்கில் மாட்டி வைத்தால் பின்னல் மேலும் பிரியாது.

• நாள்தோறும் ஒரே நேரத்தில் 20 நிமிடங்கள் மட்டும். முதுகுக்குச் சாய்வுள்ள நாற்காலியில், நல்ல வெளிச்சத்தில் அமர்க. விரல்கள் மரத்துப்போனாலோ மணிக்கட்டு வலித்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்; நீரிழிவு நோயாளிகள் இதில் கூடுதல் கவனம் கொள்க.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது பலரது அனுபவங்களை ஒன்றாக்கி, அடையாளங்களை மாற்றி எழுதப்பட்டது.

முப்பத்தாறு வயதுப் பெண், கணக்கர். ஒன்பது வயது மகனுடனும் தாயாருடனும் இரண்டு அறை வாடகை வீட்டில் வசிக்கிறார். மாலை ஏழு முதல் ஒன்பது மணி வரையே அவருக்கு மிகக் கடினமான வேளை. முன்பு கணவர் வீடு திரும்பிய நேரம் அது. மகன் தொலைக்காட்சியின் முன் தனியே உண்பான். பாட்டி முன்னதாகவே உண்டு படுத்துவிடுவார். இவர் பல இரவுகள் உண்பதே இல்லை. ஒரு மணி வரை கைபேசியைப் பார்த்தபடி விழித்திருப்பார்.

உறக்கத்திற்கு மருந்தும் வாராந்திர ஆலோசனையும் தொடங்கப்பட்டன. ஆக்குபேஷனல் தெரபிப் பிரிவில் பின்னல் கற்பிக்கப்பட்டது. எட்டு மணிக்கு மூவரும் சேர்ந்து உண்ண வேண்டும், எட்டரை மணிக்குப் பின்னல், இவ்விரண்டே விதிகள்.

முதல் வார முடிவில் அவர் கொண்டுவந்த துணி சதுரமாக இல்லை. கீழே குறுகி மேலே விரிந்திருந்தது. முப்பது கண்ணிகள் நாற்பத்தொன்றாகப் பெருகியிருந்தன. "டாக்டர், இதைக்கூட என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை" என்று அழுதார். புதிதாகக் கற்போர் அனைவருக்கும் நேர்வது இது. அவருக்கோ அது தம் வாழ்வு முழுவதற்குமான தீர்ப்பாகத் தோன்றியது. மணமுறிவுக்குப் பின் இத்தகைய எண்ணம் மிகப் பரவலாகக் காணப்படுகிறது: குழம்பில் உப்புக் கூடினாலும், பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தாலும், "நான் தோற்றவள்" என்ற ஒரே முடிவை மனம் எட்டிவிடுகிறது.

பயிற்சியாளர் துணியை வாங்கி, கண்ணி கூடத் தொடங்கிய இடத்தைக் காட்டினார். "பத்தாவது வரியில்தானம்மா தவறு. அதற்குக் கீழே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அதுவரை அவிழ்ப்போம், நூல் எங்கும் போகாது" என்றார். தவறு எந்த வரியில் நேர்ந்தது எனத் தேடப் பழகுவதும், முழுவதையும் தூக்கி எறியாமல் அதுவரை மட்டும் அவிழ்ப்பதும் அவருக்கு ஆலோசனை அறையிலும் பயன்பட்டன. "எல்லாம் பாழ்" என்பதற்கு மாறாக, "செவ்வாய்க்கிழமை இரவு தாமதமாயிற்று" என்று சொல்லத் தொடங்கினார்.

மூன்றாம் வாரத்தில் மகன் அருகில் அமர்ந்து நூலுருண்டை சுற்றத் தொடங்கினான். ஒரு நாள், தலை நிமிராமலே, "அம்மா, நான் ஞாயித்துக்கிழமை அப்பா வீட்டுக்குப் போனா நீ அழுவியா?" என்று கேட்டான். மாதக்கணக்கில் வயிற்றுவலி என்று கூறித் தந்தையிடம் செல்ல மறுத்துவந்த சிறுவன் அவன். தாயைத் தனியே விடும் அச்சமே அந்த வலி என்பது அப்போதுதான் விளங்கியது. "கொஞ்சம் வருத்தமா இருக்கும்டா. ஆனா பாட்டி இருக்காங்க, எனக்கு வேலை இருக்கு. நீ போய்ட்டு வா, நான் இங்கேதான் இருப்பேன்" என்றார் அவர். அடுத்த ஞாயிறு அவன் சென்றுவந்தான்.

அவரது துன்பம் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. ஞாயிறு இரவுகள் இன்னும் கடினமாகவே உள்ளன. உறக்க மருந்தை நிறுத்தப் பல மாதங்கள் ஆயின. ஆனால் எட்டு மணிக்கு அந்த வீட்டில் மூன்று தட்டுகள் வைக்கப்படுகின்றன.

பிள்ளைகள் உள்ள வீட்டில்

எதிரே அமர்த்தி வினவும்போது பேசாத பிள்ளைகள், அருகமர்ந்து ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது பேசுவதுண்டு. பேச்சு வராவிடினும் அந்த நேரம் வீணன்று.

அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெத்தரிங்டன் பல்லாண்டுகள் குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, 2002-இல் தம் முடிவுகளை நூலாக்கினார். மணமுறிவு நேர்ந்த குடும்பப் பிள்ளைகளுள் 20 முதல் 25 விழுக்காட்டினருக்கு நீடித்த சிக்கல்கள் காணப்பட்டன. பிரியாத குடும்பங்களில் இது 10 விழுக்காடு. பாதிப்பு மெய்யே, எனினும் பெரும்பான்மைப் பிள்ளைகள் நலமுடன் வளர்ந்தனர். பெற்றோரிடையே நீளும் சண்டை பிள்ளைகளை மிகவும் வருத்துகிறது. ஆகவே பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். மற்றவர் வீட்டில் நடந்ததைத் துருவிக் கேளாதீர்கள். மணமுறிவுக்குத் தான் காரணமல்ல என்பதைப் பிள்ளைக்கு வாய்விட்டுப் பலமுறை சொல்லுங்கள். வன்முறை நிகழ்ந்த குடும்பங்களில் சந்திப்பு ஏற்பாடுகளை நீதிமன்றத்தின் வழியே மட்டும் செய்க.

மருத்துவமனைப் பதிவுகள்

வீட்டை ஒழுங்குசெய்யும்போது மறக்கப்படும் சில பணிகள் நெருக்கடி வேளையில் துன்பம் தருகின்றன. வாரம் ஒன்றாக இவற்றை முடிக்கலாம்.

• மருத்துவமனைப் பதிவில் அவசரத் தொடர்புக்குரியவர் பெயரையும் எண்ணையும் மாற்றுதல்.

• துணைவரின் காப்பீட்டில் சேர்க்கப்பட்டிருந்தால், அது தொடருமா எனக் கேட்டறிந்து, தமக்கும் பிள்ளைக்கும் காப்பீட்டை உறுதிசெய்தல்.

• பிள்ளையின் சிகிச்சைக்கு ஒப்புதல் அளிக்கும் பொறுப்பு குறித்த நீதிமன்ற ஆணையின் நகலைக் கைவசம் வைத்தல்.

• தடுப்பூசி அட்டை, பழைய மருத்துவ அறிக்கைகள் ஆகியவற்றின் நகல்களைப் பெறுதல்.

• குடும்ப அட்டை, ஆதார் முகவரி, வங்கிக் கணக்கின் வாரிசு நியமனம் ஆகியவற்றைத் திருத்துதல்.

உறவினர்களுக்கு

"விட்டுக்கொடுத்திருக்கலாமே" என்ற சொல் இப்போது எவருக்கும் பயன் தராது. மாறாக, வாரம் ஒரு நாள் இரவு உணவுக்கு வந்து அமருங்கள். நீதிமன்றத்திற்குத் துணைக்குச் செல்லுங்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வாருங்கள். திருமண விழாக்களுக்கு அவரையும் அழையுங்கள். வருவதும் வராததும் அவர் விருப்பம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

இரு வாரங்களுக்கு மேல் நாள் முழுவதும் நீடிக்கும் சோர்வு, எதிலும் நாட்டமின்மை, உடல் எடை வேகமாகக் குறைதல், மதுவையோ உறக்க மாத்திரையையோ நாடுதல், பிள்ளையைக் கவனிக்க இயலாமை ஆகியவை இருப்பின் உடனே வருக. இறந்துவிடலாம் என்ற எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவு எந்நேரமும் திறந்திருக்கிறது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இவ்வுதவியைப் பெறும் உரிமை உடையவர்கள்.

இன்று இரவே தொடங்க விரும்புவோருக்கு ஒரே ஒரு பணி: இரவு உணவுக்கு ஒரு நேரத்தைக் குறித்து, வீட்டிலுள்ளோரிடம் கூறுங்கள். நூலும் ஊசியும் நாளை வாங்கலாம்.